இந்த வருடத்துக்கான சாவுகள் முடிந்துவிட்டன

செத்தவர் வீட்டுக்கு உதவி செய்வதற்கென்று தொடங்கிய சங்கம் ஒன்று, அங்கத்தவர்கள் இப்படிச் செத்துப்போகிறார்களே என்று மனம் நொந்துபோன கதை இது. சங்கத்தின் பெயர் மத்திய மலைநாட்டு மரண உதவிச் சங்கம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அதன் காரியாலயம் இருக்கிறது. கீழே மருந்து வாங்கியும் பிழைக்காதவர்களின் வீட்டார் அப்படியே மேலே ஏறி வரலாம் என்று யாரோ பகிடிக்குச் சொல்ல, அதையே காரணமாக வைத்து அந்த அறையை வாடகைக்கு எடுத்தார்கள்.

ராஜலிங்கம் அந்தச் சங்கத்தின் சந்தா சேகரிப்பாளர். சம்பளம் இல்லாத பதவி. கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் பெயின்ட்டும் விற்பவர். பிறந்து வளர்ந்தது மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அங்கே போய், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிச் சந்தா சேர்த்துக்கொண்டு வருவார். "செத்தா சங்கம் வரும்" என்பது வாசலுக்கு வாசல் அவர் கொடுத்துவந்த வாக்கு. அதை அவரும் நம்பினார். அவரிடம் இருந்த கோளாறு அது ஒன்றுதான்.

சங்கம் தொடங்கியதே அவருடைய அப்பாவின் சாவில்தான். இருபது வருடங்களுக்கு முன் அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது, பிரேதத்தை மடுல்கெல்லைக்குக் கொண்டுபோக வான்காரர்கள் கேட்ட காசு ராஜலிங்கத்தின் கையில் இல்லை. கைக்கு எட்டிய தூரத்திலும் இல்லை. சவச்சாலை வாசலில் திகைத்துப்போய் நின்றவரை, வேறு யாரையோ பார்க்க வந்த ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். கடைக்கு அடிக்கடி வருகிற யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமை எழுதுவினைஞர், பெயர் பரமநாதன். விஷயத்தைக் கேட்டதும் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், கந்தோருக்குப் போட்டிருந்த வெள்ளைக் காற்சட்டையோடு வானில் ஏறி, வளைவுகளில் பெட்டி ஆடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டே மடுல்கெல்லை வரை வந்தார். மறுநாள் கண்டிக்குத் திரும்பும்போது, "ராஜலிங்கம், இனி ஒருதருக்கும் இப்பிடி ஒரு நிலைமை வரப்படாது. நாங்கள் ஒரு சங்கம் துவங்குவம்" என்றார். அன்றிலிருந்து அந்த மனிதர் கேட்டால் ராஜலிங்கம் உயிரையும் கொடுப்பார். அவர் சந்தாவைத்தான் கேட்டார்.

அதுவரை தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், தோட்டத் தலைவர் ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். அவரவர் முடிந்ததைப் போடுவார்கள். ஒரு வீட்டில் விறகு வரும், ஒரு வீட்டில் சீனியும் தேயிலையும் வரும். "இனிமே யாரும் துண்டு ஏந்த வேணாம். சாவு வீட்டுக்காரங்க நாலு பேரு முன்னால தலைகுனிய வேணாம். மாசாமாசம் கட்டுங்க, சங்கம் பாத்துக்கும்" என்று சொல்லி அந்த வழக்கத்தை நிறுத்தியவர் ராஜலிங்கமேதான். முதல் வருடம் சந்தா கட்டக் கையில் காசில்லாதவர்கள், தீபாவளிக்குத் தோட்டம் கொடுக்கிற முற்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்குப் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை இல்லை.

நெடுநாள் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காசு ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. தோட்டத்தில் யாராவது போய்ச் சேர்ந்தால் அன்று பின்னேரமே பரமநாதனோ ராஜலிங்கமோ போய், உறையை வீட்டாரின் கையில் கொடுப்பார்கள். டின் காலியாகும், பிறகு நிறையும். காசு போதாத மாதங்களில் பரமநாதன் தன் சம்பளத்திலிருந்து போட்டு நிரப்பியதும் உண்டு.

பிறகு ஒரு வருடம் யாருமே சாகவில்லை. கேடுகாலம் அப்படித்தான் தொடங்கியது.

மீந்துபோன காசைப் பார்த்துச் சங்கத்தின் தலைவரான பரமநாதனே முதலில் பயந்தார். வங்கியில் உதவி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற பத்மாதேவியைக் கூட்டிவந்து பொருளாளராக்கினார். அந்த அம்மையார் காசை நிலையான வைப்பில் போட்டு, அதற்கு 'ஒதுக்கு நிதி' என்று பெயரும் வைத்தார். பெயர் வைத்த நாளிலிருந்து அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. முன்பு "டின்னில கிடக்கிற காசு" என்று சத்தமாகச் சொன்னவர்கள், இப்போது கோயிலுக்குள் கதைப்பதுபோல் குரலைத் தாழ்த்தி "ஒதுக்கு நிதி" என்றார்கள்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் மங்கள விளக்கேற்றி, மறைந்த அங்கத்தவர்களுக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்துவது வழக்கம். அதற்குப் பிறகு பத்மாதேவி ஒதுக்கு நிதியின் தொகையை வாசிப்பார். முதல் வருடம் கைதட்டினார்கள். அடுத்த வருடம் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்கடுத்த வருடம் வைப்புச் சான்றிதழைப் படம் பிடித்துப் பெருப்பித்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதற்கு மாலையும் போட்டார்கள். மாலை போட்ட படம் என்றதும் செத்தவர் படம்தான் என்று நினைத்த மடுல்கெல்லைக் கிழவி ஒருத்தி, அதன் முன்னால் நின்று கும்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'எமது நிதியின்பால் சாதாரண அங்கத்தவர்கள் கொண்டுள்ள பக்தி' என்று அடுத்த ஆண்டறிக்கையில் அது பதிவாயிற்று. தொகை வாசிக்க நேரம் போதாமல் மௌன அஞ்சலி ஒரு நிமிடமாகக் குறைக்கப்பட்டது.

கொரோனா வந்தது. சாவு வீட்டில் கூட்டம் கூடாது, கொட்டகை கூடாது, சாப்பாடு கூடாது என்றானதால் சங்கமும் கொடுப்பனவைப் பாதியாக்கிக்கொண்டது. அடுத்த பொதுக்கூட்டத்தில் பத்மாதேவி வாசித்த அறிக்கையை ராஜலிங்கம் கடைசி வரிசையிலிருந்து கேட்டார்.

"இது எமது சங்கத்தின் பொற்காலமாகும். அங்கத்தவர்கள் முன்னெப்போதையும்விடக் கூடுதலாக மறைந்தார்கள். ஆயினும் முன்னெப்போதையும்விடக் குறைவாகவே செலவு வைத்தார்கள். அவர்களின் ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திப்பதோடு, ஏனையோரும் இவ்வாறே ஒத்துழைக்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

சபை கைதட்டியது. மறைந்தவர்களுக்கா, ஒத்துழைப்புக்கா என்று தெரியாமல் ராஜலிங்கமும் இரண்டு தட்டுத் தட்டினார்.

அதன் பின் ஊரெல்லாம் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம். வங்கிகள் வட்டியை அள்ளிக் கொடுத்தன. பத்மாதேவி அந்த வருடம் பட்டுச்சேலை உடுத்தி வந்து தொகையை வாசித்தார். அதே வருடம் சவப்பெட்டியின் விலை மூன்று மடங்காகியிருந்தது. கொரோனா போன பிறகும் பாதிக் கொடுப்பனவு பாதியாகவே நின்றுவிட்டதால், சங்கம் கொடுக்கும் காசு பெட்டியின் மூடிக்குக்கூடக் காணாது. ராஜலிங்கம் எழுந்தார். வாழ்க்கையில் அவர் கூட்டத்தில் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"சேர், கணக்கு ஏறுதுங்க, சந்தோசம். ஆனா அந்தக் காச வச்சு வாங்கக்கூடிய பெட்டி கொறைஞ்சுகிட்டே போகுதுங்களே."

பரமநாதன் அன்பாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. பெட்டி விலை ஏறினதுக்கு எங்கட நிதி என்ன செய்யும்? அது தன்ர பாட்டில ஒழுங்கா வளருது. பிழை பெட்டியில."

சவப்பெட்டி விலையேற்றத்தைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் என்று ராஜலிங்கத்தின் பெயரைப் போட்டார்கள்.

போன வருடம் கொழும்பிலிருந்து சேந்தன் என்ற ஆலோசகர் வந்தார். வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டலில் அவருடைய ஒருநாள் பயிற்சிச் செயலமர்வு ஏற்பாடாகியிருந்தது. மண்டப வாடகை, மதியச் சாப்பாடு, ஆலோசனைக் கட்டணம் எதற்கும் ஒதுக்கு நிதியிலிருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை. எல்லாம் சந்தாக் காசிலிருந்துதான். ஒதுக்கு நிதி எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதற்குப் பத்மாதேவி வரவேற்புரையில் அதையே உதாரணமாகக் காட்டினார்.

சேந்தன் மடிக்கணினியைத் திறந்து, "பொதுவா ஒரு சின்ன நிறுவனம் ஆறு மாதச் செலவுக்குக் காணக்கூடிய ஒதுக்கு வைச்சிருந்தால் நல்லம்" என்றார்.

"தம்பி, எங்களிட்ட ஏழு வரியத்துக்குக் காணும்" என்றார் பத்மாதேவி, மனம் புண்பட்டவராக.

சேந்தன் ஒரு நொடி விழித்தார். அப்படியானால் எடுத்துச் செலவழியுங்களேன் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார் என்பது ராஜலிங்கத்தின் ஊகம். ஆனால் செயலமர்வு முடிய இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது, கட்டணமும் கைக்கு வரவில்லை. ஆகவே, "உங்கட வேர்ஸ்ட் கேஸ் என்னெண்டு யோசிச்சிருக்கிறீங்களோ? ஆகக் கூடாதது என்ன நடக்கலாம்?" என்று கேட்டார்.

பரமநாதன் கண்ணை மூடி யோசித்தார். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு அப்படி யோசிக்க நேரம் கிடைத்திருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எல்லா அங்கத்தவர்களும் ஒரே நாளில செத்தால்?"

மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. இத்தனை வருடமாக இப்படியொரு ஆபத்தின் கீழ் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தோமே என்று எல்லோர் முகமும் வெளுத்துப்போயிற்று. ராஜலிங்கம் மட்டும் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் ஒரே நாள்ல செத்துட்டா, காசு வாங்க யாருங்க சேர் வருவாங்க?"

"இது கேலி செய்யுற விஷயமில்லை ராஜலிங்கம்" என்றார் பரமநாதன். ராஜலிங்கம் கேலி செய்யவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று பிறந்தது ஒதுக்கு நிதிக் கொள்கை. அத்தனை பேரும் ஒரே நாளில் செத்தாலும் தாங்கக்கூடிய தொகை சேரும் வரையில், ஆண்டொன்றுக்கு ஒன்பது சாவுகளுக்கு மட்டும் கொடுப்பது. அதற்கு மேல் போகிறவர்கள் ஒதுக்கு நிதிக்குப் பங்களித்தவர்களாகக் கருதப்படுவர். ராஜலிங்கம் இதைத் தோட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பது ஒருபுறம். ஒரு சாவு என்று வந்துவிட்டால், அப்பாவின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த மனிதர் கொள்கை கிள்கை என்றா பார்க்கப்போகிறார் என்பது மறுபுறம்.

ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் கடைக்கு அழைப்பு வந்தது. மடுல்கெல்லை நல்லம்மா. கொழுந்து பறித்துக் கை காய்த்துப்போன பெண், சங்கம் தொடங்கிய மாதத்திலிருந்து ஒரு மாதமும் தவறாமல் கட்டி வந்தவள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு போயிட்டாருண்ணே. தேத்தண்ணி குடுக்க எழுப்புறேன், எந்திரிக்கல."

அவள் புருஷன் சன்னாசி. தோட்டத்தில் வடிகால் கான் வெட்டி, பூச்சிமருந்தடித்து, நெஞ்சு கெட்டுப்போய்க் கிடந்த மனிதன். நல்லம்மா தொடர்ந்தாள்.

"தலைவரு வந்து துண்டு ஏந்தவான்னு கேட்டாரு. வேணாம், சங்கம் வரும்னு சொல்லிட்டேன். சரிதானேண்ணே?"

"சரிதாம்மா. பின்னேரம் வந்துர்றேன்" என்றார் ராஜலிங்கம்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு மழையில் நனைந்துகொண்டே காரியாலயப் படியேறினார். அதிர்ஷ்டவசமாகச் செயற்குழு அங்கேதான் கூடியிருந்தது. சங்கத்தின் இருபதாம் ஆண்டு விழாவுக்குக் கேக் எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்பது விவாதம். சான்றிதழ் வடிவம் என்று முடிவாகிக்கொண்டிருந்தபோது இவர் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய் நின்றார்.

"மடுல்கெல்லையில சன்னாசி எறந்துட்டாருங்க."

எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். பத்மாதேவி கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, உண்மையான துக்கத்தோடு தலையை ஆட்டினார். "இந்த வருடத்துக்கான சாவுகள் ஆவணியோட முடிஞ்சுதே ராஜலிங்கம். கொஞ்சம் தள்ளிப்போட ஏலாதோ?"

"எதைங்க மிஸ்?"

"செத்ததை இல்லை. காசு கேக்கிறதை. தை பிறந்த உடனை புது ஒதுக்கீடு வரும். முதல் ஆளாப் போடலாம்."

"பொணம் லயத்து அறையில கெடக்குதுங்க மிஸ். நாளைக்கு எடுக்கணும்."

"அவசரப்படாமல் திட்டமிட்டிருந்தால் ஆனிக்குள்ள செய்திருக்கலாம்" என்றார் செயற்குழுவில் ஒருவர். யார் எதைத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

ராஜலிங்கம் பரமநாதனைப் பார்த்தார். இந்த அறையில் அவருக்கு இருந்தது அந்த ஒரு முகம்தான்.

"சேர், ஒதுக்கு நிதின்னு இவ்வளவு இருக்கே. அதுலேருந்து எடுக்கலாமேங்க?"

பரமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஆபத்துக்கெண்டு வைச்சிருக்கிற காசு ராஜலிங்கம்."

"சாவுங்க சேர்."

"அதைத்தான் சொல்லுறன். சாவு எங்களுக்கு ஆபத்தில்லை. சாவு எங்கட அன்றாட வேலை. அன்றாட வேலைக்கெல்லாம் ஒதுக்கு நிதியில கை வைச்சால், நாளைக்கு ஒரு ஆபத்து வரேக்கை என்ன செய்யிறது?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் பொறுமைதான் இருந்தது. "ஒருதருக்குக் குடுத்தால் இன்னொருதர் சாவார். பிறகு அவருக்கும் குடுக்கவேணும். இதுக்கு ஒரு முடிவே இல்லாமல் போயிடும்."

வாக்கெடுப்பு வைத்தார்கள். விதியைத் தளர்த்துவதற்கு எதிரானவர்கள் கையை உயர்த்தலாம் என்றார் பத்மாதேவி. கைகள் எழுந்தன. பரமநாதனின் கையும் எழுந்தது, மற்ற எல்லாக் கைகளையும்விடச் சற்றே உயரத்தில். ராஜலிங்கம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது. அப்பா செத்த அன்றுகூட இப்படி வரவில்லை. ஈரச்சட்டையோடு நின்றதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அனுதாபம் தெரிவிக்காமல் சங்கம் விட்டுவிடவில்லை. ஒரு பதாகை அடிப்பதாகத் தீர்மானித்தார்கள். இறுதிக்கிரியைக்குத் தலைவரும் பொருளாளரும் நேரில் போவதாகவும் தீர்மானித்தார்கள்.

ராஜலிங்கம் போகிற வழியில் வத்தேகமவில் பஸ்ஸிலிருந்து இறங்கி, சவப்பெட்டிக் கடையில் கடனுக்குப் பெட்டி கேட்டார். அந்தக் கடைக்காரர் சங்கத்தை நம்பிக் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் கண்ட முகத்தை நம்பிக் கொடுத்தார். பெட்டியோடு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நல்லம்மா ஓடிவந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, சுற்றியிருந்தவர்களிடம், "நான் சொன்னேன்ல, சங்கம் வரும்னு" என்றாள். அந்த நேரத்தில் அவளிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் ராஜலிங்கத்துக்கு இல்லை.

மறுநாள் சங்கத்திலிருந்து வான் வந்தது. வான் வாடகையில் இன்னொரு பெட்டி வாங்கியிருக்கலாம். அதுவும் சந்தாக் காசுதான். முதலில் பதாகை இறங்கியது. அதில் தலைவரின் படமும் பொருளாளரின் படமும் பளிச்சென்று இருந்தன. சன்னாசியின் படம் கிடைக்காததால் அந்த இடத்தில் சங்கத்தின் இலச்சினையைப் போட்டிருந்தார்கள். லயத்துச் சுவரில் அதைக் கட்டியபோது, செத்தது யார் என்று தெரியாமல் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த சனம் குழம்பிப்போயிற்று.

கொட்டகை போடவில்லை. தூற்றலில் குடை பிடித்துக்கொண்டு பரமநாதன் பேசினார்.

"அமரர் சன்னாசி சாதாரணமான ஆளில்லை. இருபது வரியமாச் சந்தா கட்டினார். ஆனால் ஒரு சதமும் வாங்காமல் போறார். இப்பிடியான தியாகிகளாலதான் எங்கட ஒதுக்கு நிதி இண்டைக்கு இந்த நிலைமையில நிக்குது. அவரின்ர குடும்பத்தாரும் அவரைப் பின்பற்றவேணும் எண்டு கேட்டுக்கொள்ளுறன்."

யாரும் கைதட்டவில்லை. இதற்குக் கைதட்டும் பழக்கம் மடுல்கெல்லைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. தப்பு அடிக்கிறவர்கள்கூட அடிப்பதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். நல்லம்மா ராஜலிங்கத்தின் பக்கம் நகர்ந்து, "அண்ணே, பெட்டிக்காசு ஒதுக்கிவச்ச காசுலேருந்து வந்துச்சா, இல்லையா? இவரு என்ன சொல்றாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வரலம்மா."

"அப்ப இவுங்க எதுக்கு வந்திருக்காங்க?"

"பேச வந்திருக்காங்க."

அவள் ஏசியிருந்தால் ராஜலிங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். தோட்டத் தலைவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். ராஜலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமலே முதல் வீட்டை நோக்கி நடந்தார். இருபது வருடம் வாங்கிக்கொண்டு போன மனிதன் இவன்தான் என்று ஒவ்வொரு வாசலும் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது ராஜலிங்கத்துக்கு. ஏமாந்தவரும் அவர்தான், ஏமாற்றியவரும் அவர்தான் என்றால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

கார்த்திகை பிறந்து, ராஜலிங்கம் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை மடுல்கெல்லைக்குப் போய்த் திரும்பிய அடுத்த வாரம், பரமநாதனின் மாமியார் கடுகண்ணாவையில் காலமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. போகக்கூடாது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஆனாலும் ஒரு மனிதர் வெள்ளைக் காற்சட்டையோடு அப்பாவின் பிரேதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததை இல்லையென்று சொல்ல முடியாது. அந்தக் கடனுக்காகப் போனார்.

பரமநாதனின் வீட்டு வாசலில் பெரிய கொட்டகை போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. ஒரே நிறச் சட்டை போட்ட இளைஞர்கள் சிங்களத்தில் கதைத்துக்கொண்டு தேத்தண்ணீர் பரிமாறினார்கள், வெள்ளைக்கொடி கட்டினார்கள், வருகிற வாகனங்களை ஓரமாக விட்டார்கள். பத்மாதேவி உள்ளே பெண்களோடு இருப்பது கதவுவழியே தெரிந்தது. ராஜலிங்கம் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். பரமநாதன் வந்து பக்கத்தில் அமர்ந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா ஏற்பாடு செஞ்சிருக்கீங்க சேர்" என்றார் ராஜலிங்கம், எதையாவது சொல்லவேண்டுமே என்று.

"நான் ஒண்டும் செய்யேல்லை. இந்த ஒழுங்கைச் சனம் தங்கட தெருவுக்கெண்டு வைச்சிருக்கிற மரண உதவிச் சங்கம்தான் எல்லாம். மாமி காலமை ஆறு மணிக்குப் போனவ. எட்டு மணிக்குக் கொட்டகை போட்டிட்டாங்கள். காசையும் கையில தந்திட்டாங்கள். ஒரு கையெழுத்துக்கூடக் கேக்கேல்லை."

ராஜலிங்கம் கொட்டகையை நிமிர்ந்து பார்த்தார். "இதுல நீங்க ரொம்ப நாளா இருக்கீங்களா சேர்?"

"வீடு கட்டி வந்த மாதத்திலயிருந்து."

"இவங்ககிட்டயும் ஒதுக்கு நிதி இருக்குதுங்களா?"

பரமநாதனுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீடு என்பதால் அடக்கிக்கொண்டார். "இவங்களுக்கு எங்கை உதெல்லாம் தெரியும்? சேருறதைச் சேருற நேரமே குடுத்திடுவாங்கள். கொள்கை, திட்டம் ஒண்டும் இல்லாத சனம். ஆனால் சொன்னால் சொன்னபடி நடப்பாங்கள், அதைச் சொல்லத்தான் வேணும்."

"அப்ப நம்ம சங்கத்துல சேர் கட்டுறதில்லையா?"

"நான் அதின்ர தலைவர் அல்லோ!" பரமநாதன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "தலைவரா இருந்துகொண்டு அதில ஒரு சதம் எதிர்பார்க்கிறது முறையோ? எனக்கு எண்டு ஒண்டு நடந்தாலும் இவங்கள்தான் வருவாங்கள். எங்கட நிதியில ஒருதரும் கை வைக்கத் தேவையில்லை."

ஒரு இளைஞன் தேத்தண்ணீர்க் கோப்பையை ராஜலிங்கத்திடம் நீட்டினான். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இருபது வருடமாக மழையிலும் பனியிலும் லயம் லயமாக ஏறி, இந்த மனிதரை நம்பச் சொல்லித்தான் அத்தனை வாசல்களிலும் நின்றிருக்கிறார். இந்த மனிதர் நம்பியது வேறொரு சங்கத்தை.

பரமநாதன் குனிந்து காதோடு கேட்டார். "ராஜலிங்கம், இந்த நேரத்தில கேக்கிறன் எண்டு நினைக்காதையும். மடுல்கெல்லைச் சந்தா சேர்த்தாச்சோ?"

"சேர்த்தாச்சுங்க."

"நல்லது. பத்மாதேவி மிஸ் உள்ளுக்கைதான் இருக்கிறா. அவவிட்டைக் குடுத்திட்டுப் போமன்."

"நல்லம்மா கையில குடுத்துட்டேங்க சேர். வாங்குற எடத்துலயெல்லாம் அதச் சொல்லித்தான் வாங்குனேன். சவப்பெட்டிக் கடன் முடிஞ்சிருச்சு. இனிமே அங்க சேர்றது அங்கயே இருக்கும்."

பரமநாதனின் கை ராஜலிங்கத்தின் கையிலிருந்து மெல்ல விலகியது. அவர் நெற்றியைச் சுருக்கி, பழைய கோப்பு எதையோ தேடுவதுபோல் யோசித்தார்.

"நல்லம்மாவோ? எந்த நல்லம்மா?"

ராஜலிங்கம் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள், போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகக்கூடாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.